விடுபட்டதை நிரப்பு

பொருநை நிலையம், டைட்டன். நிலைய நேரம் 07:40. வழக்கப் பதிவு

எழுதுவது கோமதி, கருவிப் பொறியாளர். உடன் இருப்பவர் இசக்கிராஜா, பனிப்பாறை ஆய்வாளர். வயதில் மூத்தவர், ஊர்க்காரர், அதனால் எனக்கு அண்ணாச்சி. இந்த நிலாவில் மனிதர்கள் என்று நாங்கள் இருவர்தான். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கலத்தில் விமானி செங்கோடன் தனியாக இருக்கிறார். இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு இவ்வளவு அறிமுகம் போதும்.

வெளியே மைனஸ் நூற்று எழுபத்தொன்பது டிகிரி. உள்ளே இருபத்திரண்டு. காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. மீத்தேன் ஏரி அசைவில்லாமல் கிடக்கிறது. வானம் எப்போதும் போல ஆரஞ்சுப் புகை.

புகார் ஒன்று பதிவு செய்ய வேண்டும். ஓய்வறை ஹோம் தியேட்டரின் செட்டிங்கை அண்ணாச்சி மறுபடி மாற்றிவிட்டார். நேற்று போட்ட கறுப்பு வெள்ளைப் படம் கல்யாண வீடியோ மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. வில்லன் கத்தியோடு வருகிறான். பந்தி பரிமாற வருகிறவன் போல இருக்கிறது. நான்காவது முறையாக மெனுவுக்குள் போய் ஒவ்வொன்றாக அணைத்தேன். அசைவைச் சீராக்கு, அணை. புள்ளிகளை நீக்கு, அணை. கூர்மை, பூஜ்யம். கடைசியில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது: விடுபட்டதை நிரப்பு. அதையும் அணைத்தேன்.

இந்தப் பெட்டி பழுதான பழைய படங்களைப் பார்ப்பதற்காக எங்களுக்கு முந்தைய குழு கொண்டுவந்தது. சுருள் அறுந்து பிரேம்கள் போயிருந்தால், அங்கே என்ன நடந்திருக்கும் என்று தானே யோசித்துப் படம் பண்ணிவிடும். போன வாரம் ஒரு படத்தில் நாயகி கிணற்றுக்குள் விழுகிற இடத்தில் சுருள் இல்லை. பெட்டி அவளைக் கிணற்றைச் சுற்றி நடத்தி வீட்டுக்கு அனுப்பி வைத்தது. அடுத்த காட்சியில் அவள் போட்டோவுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ரிமோட்டைத் தொடவே இல்லை என்று சாதிக்கிறார். பின்னே டைட்டனில் யார் வந்து தொட்டார்களாம்.

10:15. பழுது

வெளிக் கேமராவின் படத்தைக் காட்டும் கட்டுப்பாட்டு அறைத் திரை எரிந்துவிட்டது. மாற்றுத் திரை கிடையாது. கேமரா நன்றாகவே இருக்கிறது. அது ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தின் மேல் நிற்கிறது. ஆள் நடமாட்டம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் தானே திரும்பும். கரையும் தெரியும், நிலைய வாசலும் தெரியும். வெளிச்சம் குறைவு என்பதால் சில விநாடிக்கு ஒரு பிரேம்தான் எடுக்கும்.

அந்த ஒயரைக் கொண்டுவந்து ஹோம் தியேட்டர் பெட்டியில் செருகினேன். பெட்டியிலிருந்து வெளிவரும் படத்தைத்தான் தாய்க்கலத்துக்கும் அனுப்புகிறேன். சினிமா பார்க்கிற சுவரில் இப்போது ஏரி தெரிகிறது.

தாய்க்கலத்திலிருந்து வந்த செய்தி: "கோமதிங்க, செங்கோடன் பேசறேன். படம் கண்ணாடியாட்ட வருதுங்க. சாயங்காலம் காத்து எந்திரிக்கும்னு காட்டுது. ஏரியில மெதக்கற அளவைக் கருவிய அதுக்குள்ள கரைக்கு இழுத்துக் கட்டிப்போடுங்க. போச்சுன்னா வேற இல்லீங்க."

அண்ணாச்சி போகிறார். ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி.

11:30. வெளியே

அண்ணாச்சி கிளம்பினார். வெளிக்கதவின் மோட்டார் ஓடும்போது ஓய்வறையில் மின்சாரம் ஒரு கணம் போய் வரும். திரை அணைந்து வந்தது. வழக்கம்தான்.

சுவரில் அவர் முதுகு தெரிகிறது. இங்கே எடை ஏழில் ஒரு பங்குதான், அதனால் யாரும் நடப்பதில்லை. காக்கை மாதிரி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தித் தத்திப் போக வேண்டும். குண்டான மனுஷர் அப்படிப் போவதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது.

"ஏட்டி கோமதி, படத்துல நான் தெரியுதேனா?"

"தெரியுதீய அண்ணாச்சி. தொப்பைதான் மொதல்ல தெரியுது."

"அது ஹீட்டரு பெட்டிட்டி. ஒழுங்காப் பாரு."

12:50. காற்று

காற்று சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே எழும்பிவிட்டது. தரையில் படிந்திருக்கும் தார்ப்பொடி பறக்கிறது. நிலையக் கூரையில் எதுவோ முறிந்து விழுந்த சத்தம். குரலை அனுப்பும் ஆன்டெனா என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சியிடமிருந்து கடைசியாக வந்தது: "கருவியக் கட்டிட்டேன். திரும்புதேன். கோமதி, கேக்குதா? இங்ஙன தரை கொஞ்சம் இளகின மாதிரி..." அவ்வளவுதான்.

அண்ணாச்சியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். செங்கோடனையும் கூப்பிட்டேன். அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது அவருக்குப் போகவில்லை. படம் மட்டும் வேறு தட்டு ஆன்டெனா வழியாக மேலே போய்க்கொண்டிருக்கிறது.

திரையில் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பயந்துவிட்டேன். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு மூலையாகத் தேடினேன்.

12:58

வருகிறார். புகைக்குள்ளிருந்து தெளிவாக வெளியே வருகிறார். கையை உயர்த்தினார். அப்பாடா.

சுக்குக் காபிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறேன். வந்ததும் நன்றாக ஏச வேண்டும்.

13:20

வந்துகொண்டிருக்கிறார். ஆனால் ஒன்று எழுத வேண்டும்.

இந்தக் கேமரா சில விநாடிக்கு ஒரு பிரேம்தான் எடுக்கும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஆட்கள் விட்டு விட்டுத்தான் நகர்வார்கள். இங்கே அவர் இழைவாக வருகிறார். பொடி ஒரு துளிகூடத் திரையில் இல்லை. வெளியே காற்று சுவரை உலுக்குகிறது, படத்தில் அவர் ஆடை அசையவில்லை.

இன்னொன்று. நடந்து வருகிறார்.

தத்தவில்லை. வலது கால், இடது கால், குதிகால் ஊன்றி, கைகளை வீசி, பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறவர் போல நடந்து வருகிறார். இந்த எடையில் யாராலும் அப்படி நடக்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன், மூன்றாவது அடியில் பறந்து போய் விழுவோம்.

இது அண்ணாச்சி இல்லை.

உடை அவருடையது. தோளில் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பது யாரென்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இங்கே பேய் பிசாசு எல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும், படித்தவள்தான் நான், இருந்தாலும் உள்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

13:31

வாசலுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தது. உள்ளே வந்தது. கதவு மூடியது. எல்லாவற்றையும் சுவரில் பார்த்தேன்.

சத்தமே வரவில்லை. வெளிக்கதவு மோட்டார் ஓடினால் நிலையமே அதிரும். விளக்குகூட அணைந்து எரியவில்லை.

உள்கதவின் கண்ணாடி வழியாகப் பார்க்கப் போகிறேன். போகாமல் இருக்க முடியாது. அண்ணாச்சியாக இருந்தால், நான் தாழ்ப்பாள் போட்டு வைத்திருக்கிறேனே.

13:36

யாரும் இல்லை. இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள அறை காலி. தரையில் ஒரு துளி பொடி இல்லை. வெளிக்கதவு 11:30-க்குப் பிறகு திறக்கவே இல்லை என்று மீட்டர் சொல்கிறது.

திரையில் இப்போது வாசல், அமைதியான ஏரி, நல்ல வெளிச்சம்.

கிணற்றில் விழுந்தவளை வீட்டுக்கு அனுப்பிய பெட்டி.

13:40

மெனுவைத் திறந்தேன். அசைவைச் சீராக்கு: முழு அளவு. புள்ளிகளை நீக்கு: முழு அளவு. விடுபட்டதை நிரப்பு: முழு அளவு. காலையில் என் கையால் அணைத்தவை. போவதற்கு முன்னால் என்னைச் சீண்டவேண்டும் என்று அண்ணாச்சி மறுபடி போட்டிருக்கிறார். இந்த மனுஷருக்கு விளையாட்டுக்கு நேரம் காலம் கிடையாதா.

எல்லாவற்றையும் அணைத்தேன். சுவர் முழுக்க ஆரஞ்சுப் பொடி. பிரேமுக்குப் பிரேம் ஒன்றும் இல்லை. பொடி மூடிய பிரேம்கள் எல்லாம் பெட்டிக்குப் பழுதான சுருள். அவர் கரையிலிருந்து திரும்பக் கிளம்பியது வரைதான் அதற்குக் கிடைத்தது. மீதியை அது பண்ணிக்கொண்டது. சினிமாவில் நடக்கிறவர்களை மட்டும் பார்த்துப் பழகிய பெட்டி, டைட்டனில் தத்திப் போக வேண்டும் என்று அதற்கு யார் சொல்வார்கள்.

நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு பிரேம் தெளிவாக வந்தது. ஏரிக்கரையில், கருவிக்குப் பக்கத்தில், அண்ணாச்சி குப்புறக் கிடக்கிறார். ஒரு கால் முழங்கால் வரை தரைக்குள் இருக்கிறது.

இவ்வளவு நேரமும் அங்கேயேதான் கிடந்திருக்கிறார். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

13:44

விதி தெரியும். நிலையத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறேன். செங்கோடனுக்கு என் குரல் போகாது, ஆனால் படம் போகிறது. அடுத்த தெளிவான பிரேம் வந்தால் அண்ணாச்சி விழுந்து கிடப்பதை அவரும் பார்ப்பார். பார்த்ததும் இறங்குகலத்தை எடுத்துக்கொண்டு வருவார். அந்த நம்பிக்கையில்தான் போகிறேன். இந்த நோட்டை மேசையில் வைக்கிறேன். இனி உடைக்குள் இருக்கும் குரல் பதிவு.

14:20. உடைப் பதிவு, கோமதியின் குரல்

அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலணியின் வெப்பத் தகடு உடைந்து சூடு வெளியே கசிந்திருக்கிறது. இங்கே தரையே பனிக்கட்டி. உருகி, கால் உள்ளே போய், அவர் ஹீட்டர் நின்றதும் திரும்ப உறைந்துவிட்டது. மைனஸ் நூற்று எழுபத்தொன்பதில் பனிக்கட்டி கருங்கல். உளியால் அடித்தேன். உளி முனை மழுங்கிவிட்டது. இறங்குகலத்தில் வெப்ப வெட்டி இருக்கிறது, அது வந்தால் சில நிமிட வேலை.

என் ஹீட்டர் பெட்டியிலிருந்து அவர் உடைக்குக் குழாய் மாட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி ஓடுகிறது. பக்கத்தில் இருப்பதால் உடைக்கு உடை பேச முடிகிறது.

"ஏட்டி, நீ எதுக்கு வந்தே? உள்ள யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல. பேசாம இரிங்க. செங்கோடன் வருவாரு."

"கால் தெரியவே மாட்டேங்குது கோமதி. இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. நான் பாக்கேன்லா."

14:34. உடைப் பதிவு

தாய்க்கலத்திலிருந்து. அப்படியே சொல்கிறேன்.

"கோமதிங்க, அண்ணனுங்க, உங்க கொரலு வரலீன்னாலும் படத்துல பாத்துட்டேனுங்க! ரெண்டு பேரும் கைகோத்துட்டு வாசலுக்குள்ள போனீங்களே, நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. நடுவுல படம் பூரா பொடியா வந்தப்ப கொஞ்சம் பதறிட்டேன், இறங்குகலத்துல ஏறிக்கூட உக்காந்துட்டேன். இப்ப ஒண்ணும் வேண்டாமில்லீங்க. காத்து ஒரு பத்து நிமிஷம்தான் அடங்கற மாதிரி இருக்குது, அப்புறம் நாலஞ்சு நாளைக்கு எறங்க முடியாதுங்க. நீங்க நல்லா படுத்துத் தூங்குங்க."

நாங்கள் வாசலில் இல்லை. செங்கோடன், நாங்கள் வாசலில் இல்லை. கரையில் கிடக்கிறோம்.

கேட்காது. என் கத்தல் என் காதுக்குள்ளேயே அடிக்கிறது.

அணைத்தேனே. என் விரலால் அணைத்தேன், மெனுவில் பார்த்தேன். பிறகு வெளிக்கதவைத் திறந்தேன். மோட்டார் ஓடியது. ஓய்வறையில் மின்சாரம் போய் வந்திருக்கும். மின்சாரம் போய் வந்தால் பெட்டி கடையில் வாங்கியபோது இருந்த செட்டிங்குக்குத் திரும்பிவிடுகிறது. அண்ணாச்சி வெளியே போய் வந்த நாள்களில் எல்லாம் படம் கல்யாண வீடியோ ஆனது. அவர் தொடவே இல்லை. நாலு தடவை ஏசினேன்.

14:37. உடைப் பதிவு

வழி ஒன்று இருக்கிறது. நிலையத்துக்கு ஓடி அணைக்க நேரம் இல்லை, காற்று அடங்கும் இடைவெளி அதற்குள் போய்விடும். கேமராக் கம்பம் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். லென்ஸுக்கு முன்னால் நின்று கையாட்டலாம் என்று பார்த்தால், கண்ணாடி முழுக்கத் தார் அப்பியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. என்னைக் காட்டினாலும் பழுதான பிரேம்தான்.

ஒயரையே அறுத்துவிடுகிறேன். படமே இல்லாமல் போனால் செங்கோடன் பதறுவார். பதறினால் இறங்குவார். அவர் சுபாவம் அது.

போய் வரும் வரை குழாயைக் கழற்ற வேண்டும். அண்ணாச்சிக்குச் சொன்னேன்.

"போ தாயி. வெரசலா வந்துரு."

14:41. உடைப் பதிவு

அறுத்துவிட்டேன். இடுக்கியால் மூன்றாம் தடவை அழுத்தியபோதுதான் அறுந்தது. இரண்டு முனையும் காற்றில் தனித்தனியாக ஆடுகின்றன, நானே பார்த்தேன். கேமராவிலிருந்து பெட்டிக்கு இனி ஒரு பிரேம்கூடப் போகாது.

திரும்பி வந்து குழாயை மாட்டிவிட்டேன். மாட்டினதும் அண்ணாச்சி நீளமாக மூச்சு விட்டார். பெட்டியில் சூடு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. இதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போனால் நிலையம் போய்ச் சேரலாம். கணக்கு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் படுத்திருக்கிறார்.

போகவில்லை. பயந்து சாகிறேன், ஆனால் போகவில்லை. செங்கோடன் வருவார்.

காற்று அடங்குகிறது. ஏரி தெரிகிறது. வா செங்கோடன். இப்போது வா.

14:46. உடைப் பதிவு

தாய்க்கலம்.

"கோமதிங்க, படம் ஒரு நொடி ஆடுச்சுங்க. திக்குனு ஆயிப்போச்சு. இப்ப முன்ன விட நல்லா வருதுங்க. பொடி கிடி ஒண்ணுமே இல்ல. ஏனுங்க, மறுபடி எதுக்குங்க வெளிய வந்தீங்க ரெண்டு பேரும்? வாசல்ல நின்னுட்டு சிரிக்கறீங்க. அண்ணன் உங்க தோள்ல கையப் போட்டிருக்கறாரு. எனக்குக் கையாட்டறீங்களா? நானும் ஆட்டறேனுங்க, ஆட்டிட்டேதான் இருக்கறேன். சரிங்க, இறங்குகலத்த அணைச்சிட்டேன். அடுத்த சுத்துல பேசலாங்க."

ஒயர் அறுந்துவிட்டது செங்கோடன். ஒயர் அறுந்து கிடக்கிறது. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? நாங்கள் சிரிக்கவில்லை. யாரும் கையாட்டவில்லை. செங்கோடன்.

செங்கோடன்.

நேரம் தெரியவில்லை. உடைப் பதிவு

தலைக்கவசக் கண்ணாடியின் உள்பக்கம் உறைபனி. எண்கள் தெரியவில்லை. கால் விரல்கள் முதலில் வலித்தன, இப்போது இல்லை. காற்று திரும்ப எழும்பிவிட்டது. அண்ணாச்சி பக்கத்தில் ஒட்டிப் படுத்திருக்கிறேன். செங்கோடன் பேசியது அவர் உடையிலும் அரைகுறையாகக் கேட்டிருக்கிறது போல.

"கோமதி... அவன் கொரல்தான? என்னமோ சொன்னான்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"வாரானாட்டி?"

"வாரான். எறங்கிட்டான். லைட்டு தெரியுது."

"எங்ஙன? எனக்குத் தெரியலியே."

"அந்தா, ஏரிக்கு மேல. நீங்க கண்ண மூடிக்கிடுங்க, நான் பாத்துச் சொல்லுதேன். பெரிய லைட்டு. கதவத் தொறக்கான். வெட்டிய எடுத்துக்கிட்டு வாரான். தத்தித் தத்தி வாரான் அண்ணாச்சி, பாத்தா சிரிப்பா வருது. இந்தா, பக்கத்துல வந்துட்டான்."